காஸ்தெயோன் மாகாணம்: மலை முழுக்க அங்கே, பணம் முழுக்கக் கடலோரத்தில். ஏன்?

வரைபடப்பித்தன்:

ஸ்பெயின் என்றால் நம் ஆட்களுக்கு பார்சிலோனா, மாட்ரிட், மிஞ்சிப்போனால் வலென்சியா. அந்த பார்சிலோனாவுக்கும் வலென்சியாவுக்கும் நடுவே, மத்தியதரைக் கடலை ஒட்டி காஸ்தெயோன் என்று ஒரு மாகாணம் இருக்கிறது. அதற்கு இங்கே இழையே இல்லை, அதனால் நானே தொடங்குகிறேன்.

பரப்பு 6,600 சதுர கிலோமீட்டர் சொச்சம். மக்கள் தொகை சுமார் 6 லட்சம். 135 ஊராட்சிகள். உயரம் காட்டும் வரைபடத்தில் பார்த்தால் கடலோரமாக ஒரு மெல்லிய பச்சைப் பட்டை, அதற்கு மேலே எல்லாம் பழுப்பு. ஸ்பெயினில் மலை அதிகமுள்ள மாகாணங்களில் தங்களுடையது இரண்டாவது என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள். உயரமான சிகரம் பென்யாகொலோசா, 1,800 மீட்டருக்குச் சற்று மேல். அங்கிருந்து கடல் நேர்கோட்டில் ஐம்பது கிலோமீட்டர்கூட இருக்காது.

என் கேள்வி இதுதான். ஆறு லட்சம் பேரில் பெரும்பாலோர் அந்தப் பச்சைப் பட்டைக்குள் அடைந்து கிடக்கிறார்கள். மலையில் இருபது பேர் மட்டும் வாழும் ஊர்கூட உண்டு (காஸ்தெல் தெ காப்ரெஸ்). மலையில் விளைச்சல் கிடையாது, அதனால் எப்போதுமே இப்படித்தானா? இல்லை, இடையில் ஏதாவது நடந்ததா?

டைல்ஸ்கடை மணி:

வணக்கம் சார். கோவையில் டைல்ஸ் வியாபாரம் செய்கிறேன். எங்கள் லைனில் இருப்பவனுக்கு மூன்று ஊர் மனப்பாடம்: குஜராத்தில் மோர்பி, இத்தாலியில் சஸ்ஸுவோலோ, அப்புறம் இந்தக் காஸ்தெயோன். ஸ்பெயின் டைல்ஸில் மிகப் பெரும்பகுதி ஒந்தா, லால்கோரா, வில்லாரியல், அல்மசோரா என்று பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் சில ஊர்களிலிருந்துதான் வருகிறது.

பணம் ஏன் கீழே என்று கேட்டால் நான் மண்ணைத்தான் சொல்வேன். லால்கோராவைச் சுற்றிய குன்றுகளில் நல்ல சிவப்புக் களிமண் கிடைக்கிறது. 1727ல் அராந்தா பிரபு அங்கே ஒரு பீங்கான் ஆலை தொடங்கினார். பிரபுக்கள் வீட்டுத் தட்டு, கிண்ணம், ஜாடி. அங்கே தொழில் பழகிய கைகள் சுற்று வட்டாரத்துக்குப் பரவி, பிற்பாடு சுவர் ஓட்டுக்கு மாறின. 1980களில் இயற்கை எரிவாயு வந்தபிறகு தொழில் எங்கேயோ போய்விட்டது.

வலென்சியாவில் நடந்த செவிசாமா டைல்ஸ் கண்காட்சிக்குப் போனபோது எங்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு ஆலையைக் காட்டினார்கள். சூளை நூறு மீட்டருக்கு மேல் நீளம். உருளைகளின்மேல் சுடாத ஓடு வரிசையாக உள்ளே போகிறது, ஆயிரத்து நூறு டிகிரிக்கு மேல் வேகிறது, ஒரு மணி நேரத்துக்குள் மறுமுனையில் வந்துவிடுகிறது. அவ்வளவு பெரிய கூடத்தில் ஆள் என்று கண்ணில் பட்டது நாலைந்து பேர். வெளியே செடி கொடியெல்லாம் சிவப்புத் தூசி.

இன்னொன்று. நம் வீட்டுத் தரையில் மார்பிள் மாதிரி, தேக்குப் பலகை மாதிரி தெரிகிறதே, அதெல்லாம் இங்க்ஜெட் அச்சு. அதை டைல்ஸுக்குக் கொண்டுவந்ததில் அல்மசோராவின் கெராஜெட் நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு, 2000 வாக்கில். இன்றைக்கு மோர்பியிலும் அதே தொழில்நுட்பம்தான். கிளேஸும் (ஓட்டின்மேல் பூசும் பளபளப்புப் பூச்சு) இங்க்கும் விற்கும் காஸ்தெயோன் கம்பெனிகள் இந்தியாவிலும் இருக்கின்றன. போட்டிக்காரனுக்கு மையும் அவர்களே விற்கிறார்கள். கெட்டிக்காரர்கள்!

சந்தேகச்சாமி:

மண் மலையில் இருக்கிறது, ஆலை கீழே இருக்கிறது. அப்புறம் மலைக்கு என்ன லாபம்? குழிதானே?

வலென்சியாவாசி:

மணி அண்ணா சொன்ன கதையில் 2022ஐயும் சேர்க்க வேண்டும். நான் வேலை விஷயமாக அடிக்கடி அந்தப் பக்கம் போகிறவன்.

டைல்ஸ் என்பது மண்ணால் செய்த பொருள் என்று நினைக்கிறோம். விலைக் கணக்கைப் பார்த்தால் அது எரிவாயுவால் செய்த பொருள். அரைத்த களிமண் கூழைத் தெளித்து, சூடான காற்றில் உலர்த்திப் பொடியாக்க எரிவாயு. சூளைக்கு எரிவாயு. 2021 அக்டோபர் கடைசியில் மொராக்கோ வழியாக வந்த அல்ஜீரியக் குழாய் மூடப்பட்டது. விலை அதற்கு முன்பிருந்தே ஏறிக்கொண்டிருந்தது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர்.

அந்தப் போரில் அவர்களுக்கு இரண்டு பக்கமும் அடி. எரிவாயு விலை ஒன்று. இன்னொன்று களிமண். பெரிய அளவு போர்சலின் ஓடுகளுக்கு உள்ளூர்ச் செம்மண் உதவாது, வெள்ளைக் களிமண் வேண்டும். அதில் பெரும்பகுதி உக்ரைனின் தொன்பாஸ் பகுதியில் வெட்டி, மரியுபோல் துறைமுகத்தில் ஏற்றி, காஸ்தெயோன் துறைமுகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. மரியுபோல் போரில் நொறுங்கிப்போனது எல்லோருக்கும் தெரியும். துருக்கி, போர்ச்சுகல், பக்கத்து மாகாணமான தெருயெல் என்று அலைந்து மாற்று மண் தேடினார்கள்.

2021ல் ஸ்பெயின் உற்பத்தி 58 கோடி சதுர மீட்டருக்கு மேல். 2023ல் 40 கோடிக்கும் கீழே. நேரடியாக 15,000 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழில் இது. லாரிக்காரர், அட்டைப்பெட்டி செய்பவர், எந்திரம் பழுது பார்ப்பவர் எல்லாம் தனி. ஒந்தா பக்கம் அந்த நாட்களில் காலைப் பத்து மணிக்குச் சாப்பாட்டுக் கடைகளில் கூட்டமே இல்லை. சாதாரணமாக அந்த நேரத்தில் உட்கார இடம் கிடைக்காது. தொழிலாளிகள் நடுக்காலைச் சாப்பாட்டை அவ்வளவு கறாராகக் கடைப்பிடிப்பார்கள்: கை நீளத்துக்கு ஒரு ரொட்டி, உள்ளே பொரித்த இறைச்சி, கூடவே ஆலிவும் வேர்க்கடலையும், முடிவில் ரம்மைக் கொளுத்தி ஊற்றிய காபி.

சுவடிக்காரி:

பித்தன், உங்கள் கேள்விக்கு நேரடி பதில்: எப்போதுமே இப்படி இல்லை.

14ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த வட்டாரத்துப் பணம் மலையில்தான் இருந்தது. மொரேயா என்ற மலையூரைச் சுற்றியும் மாயெஸ்த்ரத் மலைப்பகுதியிலும் ஆட்டு மந்தைகள். அந்தக் கம்பளியை வாங்க இத்தாலியிலிருந்து வியாபாரிகள் வந்தார்கள். பிராத்தோ நகரத்து வணிகர் ஃபிரான்செஸ்கோ தாத்தினி, வரலாற்று மாணவர்களுக்குத் தெரிந்த பெயர், சான்த் மத்தேயு என்ற ஊரில் அவருடைய ஆட்கள் கம்பளி கொள்முதல் செய்தார்கள். மூட்டை கட்டி, கடற்கரைக்கு இறக்கி, கப்பலில் இத்தாலிக்கு. இன்று அந்த ஊர்களில் போய்ப் பார்த்தால், இத்தனை சின்ன ஊருக்கு ஏன் இத்தனை பெரிய தேவாலயம் என்று தோன்றும். கம்பளிக் காசு.

கடலோரம் அப்போது சதுப்பும் காய்ச்சலும் கடற்கொள்ளையரும். தலைநகர் காஸ்தெயோனே முதலில் ஒரு குன்றின்மேல் இருந்ததுதான். 1251ல் முதலாம் ஜாவுமே அரசர் சமவெளிக்கு இறங்க அனுமதி கொடுத்தார். இன்றும் மாக்தலேனா திருவிழாவில் ஊர் ஜனமே கையில் ஒரு நாணல் கம்போடு அந்தப் பழைய குன்றுக்கு நடந்துபோகிறது.

மலை சரிந்ததற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. 1609ல் மொரிஸ்கோக்களை, அதாவது கட்டாயமாகக் கிறிஸ்தவராக்கப்பட்ட முஸ்லிம்களை, நாட்டைவிட்டே துரத்தினார்கள். எஸ்பதான் மலைப்பக்க ஊர்கள் காலியாயின. (1526ல் அதே மலையில் அவர்கள் கலகம் செய்து தோற்றிருந்தார்கள்.) பிறகு தெற்கு உள்நாட்டில் குடியேறியவர்கள் பலர் அரகோன் பக்கத்துக்காரர்கள். அதனால்தான் அங்கே இன்றும் ஸ்பானிஷ், கடலோரத்திலும் வடக்கிலும் வலென்சிய மொழி. 19ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் அரசுரிமைக்காக நடந்த கார்லிஸ்ட் போர்கள். மொரேயாக் கோட்டையைப் பிடித்து வைத்திருந்த கார்லிஸ்ட் தளபதி கப்ரேராவுக்கு 'மாயெஸ்த்ரத் புலி' என்றே பெயர். உள்நாட்டுப் போரில் 1938 ஏப்ரல் 15 அன்று, குடியரசை எதிர்த்த ஃபிராங்கோவின் படை மலையிலிருந்து இறங்கி வினரோஸில் கடலைத் தொட்டது. குடியரசின் நிலம் இரண்டாகப் பிளந்தது. அதற்குப் பிறகும் மலையில் ஃபிராங்கோவை எதிர்த்த கெரில்லாக்கள் ஒளிந்திருந்தார்கள், சிவில் காவல்படை தனி வீடுகளிலிருந்து விவசாயிகளை வெளியேற்றியது. இத்தனைக்கும் பிறகு 1960களில் கீழே ஆலையில் மாதச் சம்பளம் என்றால் யார்தான் ஆடு மேய்த்துக்கொண்டிருப்பார்?

சந்தேகச்சாமி:

அக்கா, இதில் பாதி எல்லா நாட்டு மலைக்கும் பொருந்தும் கதை.

சுவடிக்காரி:

பொருந்தும். ஆனால் எல்லா நாட்டிலும் மலைக்கு நாற்பது கிலோமீட்டர் கீழே இப்படி ஒரு தொழில் மண்டலம் உட்கார்ந்திருக்காது. தூரம் அதிகமாக இருந்திருந்தால் கொஞ்சம் பேராவது மேலேயே இருந்திருப்பார்கள்.

பந்துப்பைத்தியம்:

இத்தனை பேர் பேசி ஒருத்தரும் வில்லாரியல் கால்பந்துக் கிளப்பைச் சொல்லவில்லையே! ஐம்பதாயிரம் பேர் வாழும் ஊர். மைதானத்தில் இருபத்து மூவாயிரம் பேர் உட்காரலாம். அதாவது ஊரில் கிட்டத்தட்டப் பாதி. 2006லும் 2022லும் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. 2021ல் யூரோப்பா லீக் இறுதியில் மான்செஸ்டர் யுனைடெட்டை பெனால்ட்டியில் 11க்கு 10 என்று சாய்த்தார்கள். இருபத்தோரு பெனால்ட்டி உள்ளே போனது. கடைசியில் கோல்கீப்பர் ருயி தானும் அடித்து, எதிர் கோல்கீப்பர் தெ ஹேயா அடித்ததையும் தடுத்தார். ராத்திரி மூன்று மணிக்கு மேல் நான் போட்ட கத்தலில் அம்மா எழுந்து வந்து திட்டியது தனிக்கதை.

இதில் பொருளாதாரம் எங்கே என்று கேட்பீர்கள். கிளப் முதலாளி ஃபெர்னாந்தோ ரோய்க்கின் தொழிலே டைல்ஸ்தான், பமேசா அவருடையது. 2017ல் மைதானத்தின் பெயரையே எஸ்தாதியோ தெ லா செராமிகா என்று மாற்றிவிட்டார்கள். பீங்கான் மைதானம்!

வேளாண்கிறுக்கன்:

ஓடு, பந்து எல்லாம் சரி. அந்தப் பச்சைப் பட்டையைப் பச்சையாக்கியது ஆரஞ்சு.

மிஹாரெஸ் ஆற்றுத் தண்ணீரை யாருக்கு எவ்வளவு என்று வில்லாரியல், காஸ்தெயோன், பூரியானா, அல்மசோரா ஆகிய நான்கு ஊர்களும் 14ஆம் நூற்றாண்டிலேயே பங்கு போட்டுக்கொண்டன. அந்த வாய்க்கால்களின் கரையில்தான் பிற்காலத்தில் ஆரஞ்சுத் தோப்புகள் பரவின. பூரியானா ஒரு காலத்தில் ஆரஞ்சு ஏற்றுமதியின் பெயராகவே இருந்தது. 1953ல் நூலெஸ் என்ற ஊரில் ஒரு கிளெமென்டைன் (சின்ன ஆரஞ்சு) மரத்தில் தானாக ஒரு கிளை மாறிக் காய்த்தது: விதை இல்லை, தோல் சுலபமாக உரிகிறது. அந்தக் கிளையை ஒட்டுக்கட்டிப் பரப்பியதுதான் கிளெமெனூலெஸ். ஐரோப்பியச் சந்தையில் குளிர்காலத்தில் விற்கும் சின்ன ஆரஞ்சில் அது முக்கியமான ரகம்.

ஆனால் தோப்பு எல்லாம் துண்டு துண்டு. அரை ஏக்கர், ஒரு ஏக்கர். வார நாளில் ஆலை வேலை, சனி ஞாயிறு தோப்பு. அப்பா இருக்கும்வரை ஓடியது. பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள்: பறிக்கிற கூலிக்கே விலை கட்டவில்லை. அதற்குமேல், தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு மாவுப்பூச்சி. 2009ல் தெற்கே வலென்சியா எல்லையில் முதலில் கண்டார்கள், பிறகு இந்தச் சமவெளி முழுக்கப் பரவியது. பிஞ்சிலேயே உறிஞ்சுவதால் பழம் கோணல் மாணலாகத் திரண்டுவிடும். ருசி கெடாது, ஆனால் கோணல் பழத்தை எந்தக் கடைக்காரன் வாங்குவான்? கைவிட்ட தோப்பைப் பார்த்தால் உடனே தெரியும்: மரம் வெளிறி, அடியில் புல் இடுப்பளவு, காய் மரத்திலேயே காய்ந்து தொங்கும். பக்கத்துத் தோப்புக்காரருக்கு அதுதான் பெரிய தலைவலி, பூச்சிக்கு அது வளர்ப்புக் கூடம்.

வடக்கே வினரோஸ் இறாலும் பெனிகார்லோ கூனைப்பூவும் (ஆர்ட்டிசோக்) இன்னும் பேரோடும் விலையோடும் இருக்கின்றன. உள்ளே லா ஹானா, கானெத் லோ ரோய்க் பக்கம் ஆயிரம் ஆண்டு ஆலிவ் மரங்கள். அடிமரத்தைக் கட்டிப்பிடிக்க மூன்று ஆள் வேண்டும். ஒரு காலத்தில் வேரோடு பெயர்த்து பணக்காரர் தோட்டங்களுக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். இப்போது சட்டம் போட்டு நிறுத்தி, அதே மரத்து எண்ணெயைத் தனிப் புட்டியில் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். 2018ல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு அந்த வட்டாரத்தை உலக வேளாண் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

சந்தேகச்சாமி:

பெருமைகளை எல்லாம் அடுக்கிவிட்டீர்கள். அந்த விமானம் இல்லாத விமான நிலையத்தை யார் சொல்வது?

2011 மார்ச்சில் திறப்பு விழா. செலவு சுமார் 15 கோடி யூரோ. வாசலில் 24 மீட்டர் உயரச் சிலை, தலையில் விமானத்தோடு. மாகாண அவைத் தலைவராக இருந்த கார்லோஸ் ஃபாப்ராவுக்கு மரியாதையாம். முதல் பயணிகள் சேவை 2015 செப்டம்பரில்தான் வந்தது. அதற்குள் ஃபாப்ரா 2013ல் வரி ஏய்ப்பு வழக்கில் நான்கு ஆண்டு தண்டனை வாங்கி, சிறைக்கும் போயிருந்தார். ஸ்பெயினின் கட்டுமானக் குமிழிக்கு உலகப் பத்திரிகைகள் எல்லாம் அந்தச் சிலையைத்தான் படம் போட்டன.

கடலில் இன்னொரு கூத்து. வினரோஸுக்கு எதிரே கடலடியில் எரிவாயு சேமிப்புக் கிடங்கு, பெயர் காஸ்தோர். 2013ல் எரிவாயுவை உள்ளே செலுத்தத் தொடங்கியதும் நூற்றுக்கணக்கான நிலநடுக்கங்கள், பெரியது 4க்கு மேல். நிறுத்தினார்கள். நிறுவனத்துக்கு 135 கோடி யூரோ நஷ்டஈடு. நிலத்தை ஆட்டியவனுக்கே பணம்!

வலென்சியாவாசி:

காஸ்தோர் விஷயத்தில் முழுதும் ஒத்துக்கொள்கிறேன். வினரோஸில் இன்றும் அந்தப் பேரை எடுத்தால் ஆட்கள் முகம் மாறும்.

விமான நிலையத்தை மட்டும் அப்படியே விட்டுவிட மனமில்லை. இன்றைக்கு அங்கே போய் நின்றால் வரிசையில் கேட்கும் மொழி பெரும்பாலும் ருமேனியன். இந்த மாகாணத்து வெளிநாட்டவரில் முதல் இடம் ருமேனியர்களுக்கு. 1990களில் தர்கோவிஷ்தே பக்கத்திலிருந்து சிலர் வந்தார்கள், அண்ணன் தம்பி, மச்சான், ஊர்க்காரன் என்று சங்கிலியாகத் தொடர்ந்தது. 2002ல் விசா தேவையில்லை என்றானதும் பெருகியது. கட்டுமானம், ஆரஞ்சு பறித்தல், டைல்ஸ் ஆலை. அவர்கள் மொழியும் லத்தீன் குடும்பம் என்பதால் சில மாதங்களில் ஸ்பானிஷ் பேசிவிடுகிறார்கள்.

2008 நெருக்கடியில் டைல்ஸ் உற்பத்தி கிட்டத்தட்டப் பாதியாக விழுந்தபோது ஒரு பகுதியினர் திரும்பிப் போனார்கள். இருந்தவர்களின் பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடத்தில் வலென்சிய மொழி படித்து வளர்ந்தவர்கள். புக்காரெஸ்ட் விமானம் ஓடுவது இவர்களால்தான். விமான நிலையம் சுற்றுலாவுக்கு என்று கட்டினார்கள், பிழைக்க வந்தவர்கள் அதற்குப் பிழைப்புக் கொடுத்தார்கள்.

வரைபடப்பித்தன்:

எல்லோரும் கீழேயே நிற்கிறீர்கள். மேலே இப்போது என்னதான் இருக்கிறது?

வலென்சியாவாசி:

மொரேயா இருக்கிறது. ஆயிரம் மீட்டர் உயரத்தில், மதில் சூழ்ந்த ஊர், மேலே கோட்டை. குளிர்காலத்தில் பனி விழும். இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். கம்பளிப் போர்வை, தேன், பாலாடைக்கட்டி, மண்ணுக்கடியில் விளையும் கறுப்பு ட்ரஃபிள் காளான். சுற்றுலாவால் ஓரளவு நிற்கிறது. ஆறு ஆண்டுக்கு ஒருமுறை செக்ஸேனி விழா: கொள்ளைநோய் தீர்ந்ததற்கு 17ஆம் நூற்றாண்டில் செய்த நேர்த்திக்கடன். தெருத் தெருவாக வண்ணக் காகிதத்தைச் சுருட்டி, மடித்து, ஒட்டி, முழு ஓவியங்களாகத் தொங்கவிடுவார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் மாதக்கணக்கில் வார இறுதிகளில் வந்து காகிதம் மடிக்கிறார்கள்.

விலாஃப்ராங்கா கதை அவ்வளவு நன்றாக இல்லை. பெண்கள் காலுறை செய்யும் பெரிய ஆலை ஒன்றை நம்பியே இருந்த மலையூர். அது திவால் வழக்கு வரை போனதில் ஊரே ஆடிப்போனது. அங்கே சுண்ணாம்பு, சிமென்ட் எதுவும் இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிய சுவர்கள் கிலோமீட்டர் கணக்கில் ஓடுகின்றன. வயலில் கல்லைப் பொறுக்கினால்தான் உழ முடியும், பொறுக்கிய கல்லை எங்காவது வைக்க வேண்டும், அதனால் சுவர். அந்தக் கலையை 2018ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். ஸ்பெயின் உட்பட எட்டு நாடுகளுக்குச் சேர்த்துத்தான்.

எனக்குப் பிடித்தது ஊசேரெஸ் யாத்திரை. ஏப்ரல் கடைசி வெள்ளிக்கிழமை, அந்த ஊர் ஆண்கள் பன்னிரண்டு பேரும் ஒரு வழிகாட்டியும் நீல அங்கியும் வளர்த்த தாடியுமாக பென்யாகொலோசா அடிவாரத்துச் சான்த் ஜோவான் மடத்துக்கு நடக்கிறார்கள். பேச்சு கிடையாது. மழைக்காகவும் நோயற்ற வாழ்வுக்காகவும் அமைதிக்காகவும் வேண்டுதல்.

மழை வேண்டுதலைச் சும்மா சொல்லவில்லை. 2023ல் மார்ச் மாதத்திலேயே வியானுவேவா தெ வீவெர் பக்கம் காடு பற்றி எரிந்து நாலாயிரம் ஹெக்டேருக்கு மேல் போனது. ஆடு இல்லை, விறகு பொறுக்க ஆள் இல்லை, பழைய படிக்கட்டு வயல்களில் எல்லாம் பைன் மண்டிவிட்டது. சந்தேகச்சாமி கேட்ட 'மலைக்கு என்ன லாபம்' என்பதை இப்படியும் பார்க்கலாம்: மலை காலியானால் புகை கீழே வரும்.

டைல்ஸ்கடை மணி:

கடைசியாக என் தொழில் பக்கம் ஒன்று. 2023 பிப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய டைல்ஸ்மேல் பொருள்குவிப்புத் தடுப்பு வரி (ஆன்ட்டி-டம்பிங்) போட்டது, கம்பெனியைப் பொறுத்து 6.7லிருந்து 8.7 சதவீதம். அங்கே உள்ளவர்கள் போதவே போதாது என்கிறார்கள். மோர்பிக்காரர்கள் அநியாயம் என்கிறார்கள். மோர்பியிலும் 2019ல் பசுமைத் தீர்ப்பாயம் நிலக்கரி வாயு உலைகளைத் தடை செய்த பிறகு எல்லோரும் எரிவாயுதான். கேஸ் விலை ஏறினால் இரண்டு ஊரிலும் ஒரே நாளில் சூளை அணையும். என்னைக் கேட்டால் டிசைனிலும் இங்க்கிலும் அவர்களை மிஞ்ச இன்னும் நாளாகும், விலையில் அவர்களால் நம்மை மிஞ்ச முடியாது. வரி போட்டு அந்த இடைவெளியை அடைக்கப் பார்ப்பது வீண்.

சந்தேகச்சாமி:

அதே சமயம் மோர்பியில் கூலி எவ்வளவு, ஸ்பெயினில் கூலி எவ்வளவு என்பதையும் சொல்லிவிட்டுப் பேசுங்கள் மணி. 'விலையில் நாம்' என்பதில் பாதி அந்தக் கூலிதான்.

வரைபடப்பித்தன்:

கூலி விவகாரத்துக்குத் தனி இழை போடலாம், இங்கே கலக்க வேண்டாம். வலென்சியாவாசி, நேரில் போக எந்த மாதம் நல்லது?

வலென்சியாவாசி:

ஆகஸ்ட் வேண்டாம். பெனிகாசிம், ஓரொபேசா கடற்கரையில் கால் வைக்க இடம் இருக்காது, ஆலைகளும் விடுமுறையில் மூடியிருக்கும். மார்ச்சில் வந்தால் மாக்தலேனா விழா கிடைக்கும், ஆனால் தவக்காலக் கணக்கு என்பதால் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஏப்ரல் கடைசி என்றால் ஆரஞ்சுப் பூ வாசனையும் ஊசேரெஸ் யாத்திரையும். செக்ஸேனி 2024ல் முடிந்துவிட்டது, அடுத்தது 2030. மொரேயாவுக்கு ரயில் கிடையாது, பஸ்ஸை நம்பினால் நாள் போய்விடும். வாடகைக் கார் எடுத்துக்கொள்ளுங்கள்.